இடம் பிடித்த பலகைகள்

உடம்பில்லாத புத்தகங்களுக்கு நான் பொறுப்பு. பல்கலைக்கழக நூலகத்தில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்ல ஆசை வரும். சொல்வதில்லை. "கொம்பியூட்டருக்குள்ள இருக்கிற புத்தகங்களப் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். கேட்டவர் முகத்தில், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்ற கேள்வி வந்து நிற்கும். நியாயமான கேள்விதான். அவற்றில் தூசி படியாது. கறையான் ஏறாது. எங்கள் உப்புக்காற்று அட்டையை வளைக்காது. ஒருவரும் தொடவும் மாட்டார்கள்.

காலையில் மருதமுனையில் பஸ் ஏறித் தெற்கே போகிறேன். இடப்பக்க யன்னல் கிடைத்தால் அன்றைக்கு எனக்குப் பெருநாள். ஒவ்வொரு ஒழுங்கையின், அந்த ஒடுங்கிய தெருவின், முடிவிலும் ஒரு துண்டுக் கடல் நிற்கும். வீடு, மதில், கடை, பிறகு ஒரு துண்டுக் கடல். பள்ளிவாசல், கோயில், மதில், பிறகு இன்னொரு துண்டு. முழுக் கடலும் அங்கேதான் கிடக்கிறது. ஆனால் ஒழுங்கை இருக்கும் இடத்தில் மட்டும்தான் அது கண்ணுக்குக் கிடைக்கிறது. என் வேலையும் இதுதான் என்று அரைத்தூக்கத்தில் நினைத்துக்கொள்வேன். கடல் என்னுடையதல்ல. நான் ஒழுங்கை வெட்டுகிறவள்.

வெட்டத் தெரியாமல் வெட்டினேன். நூலகத்தின் இணையப் பக்கத்தில் 'மின்வளங்கள்' என்று ஒரு சொல் இருந்தது. அதை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். எல்லாம் அந்தப் புத்தகங்களையும் ஆய்விதழ்களையும் எங்களுக்குத் திறந்துவிடும் வெளிநாட்டு நிறுவனங்களின் பெயர்கள். தூர தேசத்துக் கப்பல்களின் பெயர்கள் மாதிரி அழகாக இருக்கும். எந்தக் கப்பலில் என்ன சரக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. இரண்டாம் வருடப் பிள்ளை ஒருத்தியிடம் கேட்டபோது, "அதெல்லாம் விளம்பரம் எண்டு நெனச்சம் மிஸ், அதான் தொடல்ல" என்றாள். அன்றிலிருந்து அந்தப் பக்கத்தைக் கலைத்துக்கொண்டே இருந்தேன். பாடவாரியாகப் போட்டேன். தமிழில் போட்டேன். நீலத்தைப் பச்சையாக்கினேன், பச்சையைத் திரும்ப நீலமாக்கினேன். கை சும்மா இராத பிறவி. அழகான பக்கம். ஆளில்லாத பக்கம்.

சனிக்கிழமைகளில் ஒரு டீச்சர் வருவார். கல்முனைக்குடியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், எங்களிடம் முதுமாணிப் பட்டப் படிப்புக்குப் பதிந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். கறுப்பு அபாயா, தோளில் பாடசாலைப் பை, கையில் ஒரு நீளக் கொப்பி. நேரே நீரியல் புத்தகங்கள் இருக்கும் அலுமாரிக்குப் போவார். அங்கே அவருக்கு உதவக்கூடியவை இரண்டே இரண்டு பழைய புத்தகங்கள். அதே இரண்டையும் எடுப்பார், யன்னலோர மேசையில் வைத்து, அவற்றைப் படிக்காமல் கொப்பியைப் படிப்பார். அந்த இரண்டிலும் படிக்க இனி ஒன்றும் மிச்சமில்லை என்பது தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும்.

ஒருநாள் போட்டோப்பிரதி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று எங்கள் உதவியாளரிடம் அவர் கதைப்பது என் அறைக்குள் கேட்டது. உதவியாளர் பெரியநீலாவணைக்காரர், கடல்தொழில் குடும்பம், எல்லாருக்கும் அண்ணன்.

"டீச்சர், அந்தக் கொப்பிக்குள்ள என்னதான் எழுதியிருக்கீங்க? ஆரும் கண்டா சீட்டுக் கொப்பி எண்டு நெனப்பாங்க."

"கிணறு அண்ணன். எங்கட தெருவில பதினொரு கிணறு. ஒரு வருசமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உப்பு அளக்கன்."

"கிணத்துக்குள்ள உப்பு இருக்கெண்டு நாக்குல வெச்சாத் தெரியுமே. அதுக்கு ஒரு வருசமா?"

"நாக்க என்ட ஆய்வ மேற்பார்க்கிற சேர் நம்ப மாட்டாராம்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அளந்தது மட்டும் போதாதாம் அண்ணன். மத்த நாட்டுக் கடற்கரையில இப்பிடிக் கிணறுகளப் பத்தி ஆர் ஆர் ஆராய்ச்சி செஞ்சிரிக்காங்க எண்டு காட்டோணுமாம். ஒண்டும் கிடைக்கல்ல எண்டன். கிடைக்காட்டி இது ஒரு தலைப்பே இல்ல, மாத்துங்க எண்டுட்டார். அடுத்த மாசத்து முதல் புதன் ஆராய்ச்சிச் சபை கூடுது. அதுக்குள்ள ஒரு பட்டியல் குடுக்காட்டி இந்தக் கொப்பிய நான் என்ன செய்யிற?"

"எங்கட ஊரில எண்டா கச்சான் கடலை சுத்தலாம்" என்றார் அண்ணன். ஆறுதலுக்குத்தான் சொன்னார். பிரதியெடுத்த தாள்களை ஓரம் தட்டி நேராக்கிக் கொடுத்த விதத்தில் அது தெரிந்தது.

நான் உடனே கணினியில் தேடினேன். இருந்தன. ஒரு முழுத் தொகுப்பே இருந்தது: கடலோர மணலுக்கடியில் நல்ல தண்ணீர் மெல்லிய பாய்போல் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதப்பதைப் பற்றி, அந்தப் பாய் எப்படிக் கிழிகிறது என்பதைப் பற்றி, கடல் ஊருக்குள் வந்து திரும்பிய கரைகளின் கிணறுகளைப் பற்றி. எல்லாம் எங்கள் நூலகத்தின் அனுமதிக்குள் இருந்தவை. யன்னலோர மேசையிலிருந்து பார்த்தால் ஒரு விரல் தூரம்.

அந்தக் கணத்தில் எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். பத்து எட்டு நடை.

சொல்லவில்லை. ஏன் என்று பிறகு பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். நான் போய்ச் சொன்னால் அது நான் கண்டது, அவர் கண்டதாகாது. ஒவ்வொரு வாசகருக்கும் பின்னால் நான் ஓட முடியாது. ஒரு புத்தகம் தன்னைத் தானே காட்டிக்கொடுக்க வேண்டும், மல்லிகை இருட்டில் தன்னைக் காட்டிக்கொடுப்பதுபோல என்றெல்லாம் மனம் எழுதிக்கொண்டு போனது. எழுதுகிற மனம் ஆபத்தானது. பக்கத்தில் இருக்கிற ஆளை அது ஓர் உவமைக்கு விற்றுவிடும்.

நான் செய்தது வேறு. உடம்பில்லாத புத்தகங்களுக்கு உடம்பு செய்தேன். மரவேலைக்காரர் ஒருவரிடம் கதவுநிலை செய்து மிஞ்சிய துண்டுகளை வாங்கி, ஒவ்வொன்றையும் புத்தக அளவுக்கு அறுத்து எடுப்பித்தேன். முதுகுப்புறத்தில் மின்புத்தகத்தின் தலைப்பை ஒட்டினேன், நூலகத்தின் முத்திரையைக் குத்தினேன். முன்பக்கத்தில் கறுப்புச் சதுரம் ஒன்று, போனைக் காட்டினால் புத்தகம் திறக்கும் கியூஆர் கட்டம். இருபது பலகைகள். கையில் எடுத்தால் புது மரத்தின் வாசம்.

"மிஸ், இதென்ன கூத்து?" என்றார் அண்ணன், கைநிறையப் பலகைகளோடு. "புத்தகம் போய் இப்ப பலகை வந்திரிக்கு. இனிப் பலகையும் போய் ஆணி மட்டும் நிக்கும்."

"பாருங்க அண்ணன், ஆக்கள் அள்ளிக்கொண்டு போவாங்க."

"ஓம் ஓம். அடுப்பெரிக்கத்தானே?"

நீரியல் அலுமாரியில், டீச்சரின் இரண்டு புத்தகங்களுக்கு நடுவில், மூன்று பலகைகளை வைத்தேன். முதுகு வெளியே தெரிய, தலைப்பு தெரிய. கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினாலும் அவற்றில்தான் படும். இதைவிட அகலமாக ஒழுங்கை வெட்ட முடியாது என்று நினைத்தேன்.

முதல் சனி. டீச்சர் வந்தார், அலுமாரியின் முன்னால் நின்றார், பலகைகளைப் பார்த்தார். குனிந்து தலைப்பை வாசித்தது என் அறைக் கண்ணாடிக்கூடாகத் தெரிந்தது. பிறகு இடப்பக்கப் புத்தகத்தை எடுத்தார். வலப்பக்கப் புத்தகத்தை எடுத்தார். நடுவில் சரிந்த பலகைகளை ஒரு விரலால் மெதுவாக நிமிர்த்திவிட்டுப் போய் இருந்தார்.

இரண்டாம் சனியும் அதேதான். அன்று அவர் கொப்பியைக்கூடத் திறக்கவில்லை. யன்னலுக்கு வெளியே தென்னைகள் ஆடிக்கொண்டிருந்தன. அவர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டதும் எழுந்து போனார். மற்ற அலுமாரிகளிலும் இதே கதை. பிள்ளைகள் பலகைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உள்ள புத்தகங்களை எடுத்தார்கள், பலகையை மட்டும் தொடவில்லை. கியூஆர் வழியாக ஒருவராவது உள்ளே வந்தார்களா என்று கணினியில் பார்த்தேன். என்னைத் தவிர ஒருவருமில்லை. சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க நான் திறந்தது மட்டும் பதிவாகியிருந்தது.

மூன்றாம் சனி மழை. டீச்சர் நனைந்த குடையோடு வந்து, பலகைகளின் முன்னால் வழக்கத்தைவிட நீண்ட நேரம் நின்றார். புதனுக்குப் பதினொரு நாள் இருந்தது. அப்போதும் நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. இன்னும் ஒரு கிழமை பார்ப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூண்டில் போட்டவன் தக்கையைப் பார்ப்பதுபோல அந்தப் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூண்டிலில் நிற்பது ஓர் ஆளின் ஒரு வருடம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் இருந்தேன்.

நாலாம் சனி அவர் அலுமாரிக்குப் போகாமல் நேரே என் மேசைக்கு வந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மிஸ். ஒண்டு கேக்கலாமா? கோவிக்கப்படாது."

"வ அலைக்கும் ஸலாம். கேளுங்க டீச்சர்."

"அந்த மூணு புத்தகத்தையும் எடுத்தாக்கள் எப்ப திருப்பித் தருவாங்க?"

எனக்கு விளங்கவில்லை. "எந்த மூணு?"

"பலகை போட்டு இடம் பிடிச்சு வெச்சிரிக்காங்களே, அந்த மூணும். தலைப்பப் பாத்தா எனக்குத் தேவையானது மாதிரி இரிக்கி. நாலு கிழமையாப் பாக்கன், திரும்பி வரவே இல்ல. ஆரு எண்டு சொன்னீங்க எண்டா நான் வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாப்பன். ஒரு நாளைக்குத் தந்தாப் போதும்."

அண்ணன் போட்டோப்பிரதி இயந்திரத்தின் மூடியைத் திறந்தபடியே உறைந்து நின்றார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டார்.

எங்கள் ஊர்களில் ஆளுக்குப் பதில் பொருள் நிற்கும். பஸ் வந்து நிற்பதற்குள் யன்னலால் ஒரு கைக்குட்டை உள்ளே விழும். அந்த இருக்கை அதோடு முடிந்தது. தண்ணீர் பவுசர் வண்டி வரும் நாளில் ஒழுங்கை முனையில் ஒரு கல், ஒரு வாளி, ஒரு கதிரைக் கால் என்று வரிசை நிற்கும். ஆட்கள் வீட்டில் மீன் வெட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கல்லை நகர்த்திப் பாருங்கள், மூன்று தலைமுறைக்குப் பேசமாட்டார்கள். எங்கள் நூலகத்திலேயே ஒவ்வொரு கதிரையிலும் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருந்து படித்துக்கொண்டிருக்கும். இங்கே பிறந்து வளர்ந்தவள் நான். இரண்டு புத்தகங்களுக்கு நடுவில், முத்திரையும் குத்தி, ஒரு மரத்துண்டை நிறுத்தினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது வேறு ஆளுடையது, தொடாதே. மரியாதை தெரிந்த எவரும் அதைத் தொட்டிருக்க முடியாது. தொடாததால் ஒருவரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. திருப்பாததால் கறுப்புச் சதுரம் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அவரை அலுமாரிக்குக் கூட்டிப் போனேன். பலகையை எடுத்துக் கையில் கொடுத்தேன். வாங்கத் தயங்கினார்.

"ஆரும் வந்தா?"

"ஆரும் வர மாட்டாங்க. இது ஒருத்தரும் எடுத்த புத்தகம் இல்ல. இந்தப் புத்தகம் இங்கேதான் இரிக்கி. போனைக் காட்டுங்க."

காட்டினார். போனின் வெளிச்சம் மாறியது. முதல் பக்கம் வந்தது, பொருளடக்கம் வந்தது, நிலத்தை நெடுக்கே வெட்டிக் காட்டிய ஒரு படம் வந்தது: மேலே மணல், அடியில் கடல், நடுவில் நல்ல தண்ணீர் ஒரு வெளிறிய வில்லையாக. அந்தப் படத்தை அவர் இரண்டு விரலால் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார்.

"இது எங்கட தெரு" என்றார் மெதுவாக. படத்துக்குக் கீழே யாரும் கேள்விப்படாத ஒரு தீவின் பெயர் இருந்தது.

அவர் முகம் மலர்ந்துகொண்டு போனபோது எனக்குள் ஏதோ பொறுக்க முடியாமல் போயிற்று.

"டீச்சர், நீங்க அண்ணனிட்டக் கதைச்சது எனக்குக் கேட்டுது. ஒரு மாசத்துக்கு முந்தி. அண்டைக்கே இது இரிக்கி எண்டு எனக்குத் தெரியும்."

போனிலிருந்து கண்ணை எடுத்தார். "தெரியுமா?"

"ஓம். நீங்களாக் கண்டுபிடிக்கோணும் எண்டு பாத்துட்டு இருந்தன்."

"நாலு கிழமையா?"

"ஓம்."

என்னை அவர் பார்த்த பார்வையில் கோபமில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை விளங்காத ஏதோ செய்தால் பார்ப்பார்களே, அப்படி.

"பலகையை விட மோசம் மிஸ் நீங்க" என்றார். "பலகையாவது ஒண்டும் தெரியாம நிண்டுது."

யன்னலோர மேசையடிக்குப் போய் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டேன். "புதனுக்கு நாலு நாள் இரிக்கி. இருங்க, சேர்ந்து பாப்பம்."

அந்த நாலு நாளும் தண்ணீருக்கடியில் நடந்தவைபோல நினைவில் இருக்கின்றன. இந்தப் புத்தகங்கள் எங்கள் வளாகத்துக்குள் நின்றால்தான் திறக்கும், வீட்டிலிருந்து திறக்காது. ஞாயிற்றுக்கிழமை காவலாளியிடம் சொல்லி எங்கள் முன்மண்டபத்தை மட்டும் திறப்பித்தேன். திங்களும் செவ்வாயும் டீச்சர் பாடசாலை விட்டதும் அபாயாவில் சோக்குத் தூளோடு பஸ் ஏறி வந்தார். ஒரு கட்டுரையின் அடியில் இருந்த பெயர் இன்னொரு கட்டுரைக்குக் கூட்டிப் போனது, அது இன்னொன்றுக்கு. கைகோத்துக்கொண்டு யாரோ மணலில் நடந்துபோவதுபோல. நான் தேடினேன், அவர் வாசித்தார், அண்ணன் பிரதி எடுத்தார். இடையிடையே, "இங்க பாருங்க மிஸ், இவங்களும் வெள்ளிக்கிழமை மாதிரி ஒரே நாள்ல அளந்திரிக்காங்க" என்று தூர தேசத்து ஆளொருவரைப் பக்கத்து வீட்டுக்காரரைப்போல எனக்குக் காட்டுவார். உலகத்தின் எத்தனையோ கரைகளில் எத்தனையோ பேர் கிணற்றுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் மற்றவரைத் தெரியாது. எல்லார் முகமும் ஒரே தண்ணீரில் தெரிந்தது.

செவ்வாய் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, பட்டியல் முடிந்தது. நான்கு பக்கம். டீச்சர் அதைக் கொப்பிக்குள் வைத்து, கொப்பியைப் பைக்குள் வைத்து, பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

புதன் பகல் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பலகைகளை எல்லா அலுமாரிகளிலிருந்தும் இறக்கி மேசையில் அடுக்கினேன். முகம் வெளியே பார்க்கும்படி, சாய்த்து நிறுத்த வேண்டும். 'என்னை எடுத்துப் பாருங்க' என்று எழுத வேண்டும். அவை சரியாமல் நிற்க அண்ணன் அலுமாரித் தட்டுகளில் ஆணி அடித்துக் கொடுத்தார். "சொன்னன்தானே மிஸ், கடைசில ஆணிதான் மிஞ்சும்" என்றார். அப்போது போன் அடித்தது.

"மிஸ்."

"சொல்லுங்க டீச்சர்."

"மாத்தல்ல." மூச்சு வாங்கினார். படியால் இறங்கிக்கொண்டே கதைக்கிறார் போல. "தலைப்ப மாத்தல்ல. அல்ஹம்துலில்லாஹ். சேர் பட்டியலப் பாத்துட்டு, இதெல்லாம் எங்க கிடந்தது எண்டு கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"எங்கட நூலகத்தில ஒரு பலகைக்குள்ள எண்டன். முழிச்சார்."

ஆறேழு மாதம் கழித்து, ஆய்வு ஏற்கப்பட்ட பிறகு, டீச்சர் ஒரு சனிக்கிழமை வந்தார். கையில் அந்த நீளக் கொப்பி. உட்காரவில்லை.

"மிஸ், அந்தத் தீவுக்காரங்கட கிணறெல்லாம் எனக்குக் கிடைச்சிது. எங்கட கிணறு அவங்களுக்குக் கிடைக்குமா?"

எங்கள் நூலகத்துக்கென்று ஒரு களஞ்சியம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் எழுதியவற்றையும் அளந்தவற்றையும் யாரும் எங்கிருந்தும் எடுத்துப் படிக்கும்படி வைக்கும் இணைய இடம். அதன் படிவத்தைத் திறந்தேன். டீச்சர் இலக்கங்களை வாசித்தார், நான் பதிந்தேன். பதினொரு கிணறுகளும், ஒவ்வொரு வெள்ளியும். முடிவில் ஒரு பெட்டி வந்தது: இதை வாசகர்கள் எந்தச் சொற்களால் தேடுவார்கள்? அதற்கு எங்களிடம் அனுமதிக்கப்பட்ட சொற்பட்டியல் உண்டு. நிலத்தடி நீர், உவர்த்தன்மை, கரையோர நீர்ப்படுகை என்று மளமளவென்று போட்டேன்.

டீச்சர் என் தோளுக்கு மேலால் பார்த்தார். "இது சேர்மார் தேடுற சொல்லு. எங்கட தெருவில ஒருத்தி போன்ல தேடினா என்னெண்டு தேடுவா?"

"நீங்கதான் சொல்லோணும்."

"'தேத்தண்ணி கரிக்குது.' இத முதல்ல போடுங்க."

பட்டியலில் இல்லாத சொல். போட்டேன்.

"'சவுக்காரம் நுரைக்குதில்ல.' போட்டாச்சா? 'தலமயிர் கொட்டுது.' 'பானை அடியில வெள்ளையாப் படியுது.'"

"டீச்சர், இது படிவம். கதைப் புத்தகம் இல்ல."

"இந்தச் சொல்லு இல்லாட்டி அவ எப்பிடி வந்து சேருவா?"

அண்ணன் எட்டிப் பார்த்தார். "'முருங்கை பட்டுப் போகுது' எண்டும் போடுங்க மிஸ். எங்கட பக்கம் அதச் சொல்லித்தான் தேடுவாங்க."

அதையும் போட்டேன். டீச்சர் கடைசியில் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"இன்னும் இரிக்கி" என்றார்.

நான் பெட்டியைக் கீழே இழுத்துப் பெரிதாக்கினேன்.